சுத்தியல் தடம்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, லிஃப்ட் மோட்டாருக்கு என்கோடர் மாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவும் அம்மாவும் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூம். ஒருவர் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் வாய்த்தகராறு நிச்சயம். அப்பா மோட்டாரின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார். மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் அவள் கண்ட்ரோல் எஞ்சினியர். அங்கே அவள் கையைத் தூக்கினால் ஒரு முழு லைன் நிற்கும். அப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் வகித்துவந்த பதவி டார்ச் பிடிப்பது. அதில் பதவி உயர்வு கிடையாது.

"லைட்ட என் மண்டையில அடிக்காத. ஷாஃப்ட்ல அடி."

"உங்க மண்டையத் தாண்டித்தான் ஷாஃப்ட் இருக்குப்பா."

இந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்கும் லிஃப்ட் மெக்கானிக் வெளியே தண்ணீர்த் தொட்டி நிழலில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவரை உள்ளே விடவில்லை. "மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணீங்கல்ல, அதுவே பெரிய உபகாரம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

என்கோடர் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மோட்டார் எவ்வளவு சுற்றியது, எந்தப் பக்கம் சுற்றியது, இப்போது எங்கே நிற்கிறது என்று எண்ணிச் சொல்லும் ஒரு டப்பா. உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. அதில் மயிரிழை போலக் கோடுகள். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். தட்டு சுற்றச் சுற்றக் கோடுகளைக் கண் எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை தவறினால் லிஃப்டுக்குத் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்று தெரியாது. தெரியாவிட்டாலும் போய் நிற்கும். சில அதிகாரிகளைப் போல.

அப்படித்தான் அந்த லிஃப்ட் ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தது. வீடு இருக்கும் மூன்றாவது மாடிக்குப் பதிலாக, மூன்றாவது மாடிக்கு ஒரு சாண் கீழே. கால் உள்ளவர்களுக்கு அது ஒரு படி. அம்மாவுக்கு, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு நடக்கிற அம்மாவுக்கு, அது பாழுங்கிணறு. டாக்டர் வெளியே நடக்கச் சொன்னார். லிஃப்ட் வேண்டாம் என்றது. அம்மா வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்து, சுவரில் இருந்த காலண்டர் படத்தைத் தவிர வேறு முகமே பார்க்காமல் இருந்தாள்.

பழைய என்கோடருக்குள் மோட்டார் எண்ணெய் இறங்கியிருந்தது. "என்கோடர் கெடல. எண்ணெய் கெடுத்துச்சு" என்று அப்பா திருத்தினார். புதியது வந்தது. மோட்டாரின் ஷாஃப்டையும், அதாவது சுழலும் தண்டையும், என்கோடரின் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடிக்க, விரல் நீளத்தில் ஒரு இணைப்பு. கப்ளிங் என்பார்கள். அதன் ஒரு பக்கத்துத் துளை மட்டும் ஒரு இழை சின்னதாக வந்துவிட்டது. என்கோடர் ஷாஃப்டில் பாதிதான் ஏறியது.

இதற்கு முறை உண்டு. எமரி பேப்பரை எடுத்து, பொறுமையாகத் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் நுழைக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துச் சரியான கப்ளிங் வாங்க வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் இதைப் பாடம் எடுத்தவர் அப்பா. எமரி பேப்பரும் கையோடு கொண்டுவந்திருந்தார். தேய்க்கத்தான் ஆரம்பித்தார்.

போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, செருப்பு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அஞ்சு நிமிஷம்."

"உங்க அஞ்சு நிமிஷத்துல நான் இன்னொரு பொண்ணப் பெத்து, வளத்து, எஞ்சினியருக்கும் படிக்க வெச்சுடுவேன்."

"வந்துடுச்சு, வந்துடுச்சு. வெச்சுடறேன்" என்று போனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி தேய்த்தார். நுழைத்தார். ஏறவில்லை. ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார். மெக்கானிக்கின் முதுகு தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகத் திருப்பினார். அதன் கைப்பிடியால் கப்ளிங்கின் மேல் தட்டினார்.

டொக். டொக்.

ஏறிவிட்டது.

மகள் டார்ச்சை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது சாதாரணக் காட்சி இல்லை. ஒரு நீதிபதி வாசலில் கிடந்த அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவது மாதிரி.

"இது தட்டல். அடி இல்ல" என்றார் அப்பா.

"உங்ககிட்ட இதையே எத்தன பேர் சொல்லியிருப்பாங்கப்பா?"

"நாளைக்கே ஆபீஸ் போய் சரியான கப்ளிங் வாங்கிட்டு வந்து மாத்திடறேன். அப்படியே கழட்டி ஒரு பார்வையும் பாத்துடறேன். அதுவரைக்கும் நீ எதையும் பாக்கல."

"நான் லைட்டுதான் பிடிச்சேன்."

இந்தத் தட்டல் எவ்வளவு பெரிய குற்றம் என்று தெரிய வேண்டுமானால், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று தெரிய வேண்டும்.

என்கோடர் விற்கும் ஒரு கம்பெனியில் சர்வீஸ் பிரிவு. பெயர்தான் சர்வீஸ். உடைந்ததைச் சரிசெய்வது அவர் வேலை அல்ல. கண்ணாடித் தட்டு உடைந்தால் சரிசெய்யவும் முடியாது. உடைத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஏனென்றால் உலகத்தில் என்கோடர் மாட்டுகிற ஆட்களில் பாதிப் பேர், ஷாஃப்ட் ஏறவில்லை என்றால் சுத்தியலை எடுக்கிறவர்கள். வெளியே இரும்பு உடம்பு தெரிகிறதே ஒழிய, உள்ளே கண்ணாடி இருப்பது தெரிவதில்லை. அடி வாங்கிய தட்டு உடனே உடைந்துவிட்டாலாவது யோக்கியம். சில சமயம் ஒரு கீறலை வாங்கிக்கொண்டு, நல்ல பிள்ளையாகச் சில வாரம் ஓடிவிட்டு, அப்புறம் காலை வாரும். "வாங்கின மாசமே கெட்டுப்போச்சு, வாரண்டியில மாத்திக் கொடுங்க" என்று கடிதம் வரும். அப்பா கிளம்புவார்.

போனதும் மெஷினைப் பார்க்க மாட்டார். கை கழுவுவார். துடைப்பார். என்கோடரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஷாஃப்டை மெல்லச் சுற்றுவார். நாடி பார்ப்பது போல இருக்கும். அடி வாங்கிய பேரிங் விரலுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி நறநறக்கும். கண்ணைத் திறப்பார். கோபமே இல்லாமல், உறவுக்காரர் வீட்டில் நலம் விசாரிக்கிற குரலில் கேட்பார்.

"யார் சுத்தியல்ல அடிச்சது?"

"அடிச்சீங்களா" என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடித்தாகிவிட்டது, ஆள் மட்டும்தான் பாக்கி. பதில்களில் அவருக்குத் தெரியாத வகை கிடையாது. அடிக்கல சார், தட்டினோம். மெதுவாத்தான் தட்டினோம். துணி சுத்தித் தட்டினோம். நாங்க இல்ல, போன ஷிஃப்ட். ஒரு மேனேஜர், "எங்க கம்பெனியில சுத்தியலே கிடையாது சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒரு ஃபிட்டர் சுத்தியலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் அடித்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்துவிட்டு, "நல்ல சத்தம்" என்றார்.

திரும்பி வந்து எழுதும் அறிக்கையின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: என்கோடரில் குறை இல்லை. பணிக்காலம் முழுக்க அந்த வரி மாறவில்லை. தொழிற்சாலைகளில் அவருக்குப் பெயரே சுத்தியல் சார் என்று ஆகிவிட்டது. சுத்தியலைக் கையால் தொடாத மனிதருக்கு அப்படி ஒரு பெயர்.

வீட்டிலும் விசாரணை உண்டு. கப்பின் காது உடைந்தால், குடை மடங்காவிட்டால், மகள் கணக்கில் குறைந்த மார்க் வாங்கினால், அதே குரல். வீட்டுக்குள் சுத்தியல் வாங்கவும் அவர் சம்மதித்ததில்லை. அம்மா ஆணி அடிக்க வேண்டுமென்றால் வாசல் கதவின் பெரிய பூட்டைக் கழற்றிக்கொண்டு வருவாள். ஆணி அடிக்கிற நேரம் முழுக்க வீடு திறந்து கிடக்கும். பாதுகாப்பு முக்கியமா, கொள்கை முக்கியமா என்றால் அவருக்குக் கொள்கைதான்.

பெண் பார்க்க வந்த அன்றே கண்ணாடித் தட்டைப் பற்றித்தான் பேசினாராம். பேச்சு எதுவும் தோன்றாமல் அம்மா, "அந்தக் கண்ணாடி உடைஞ்சுட்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

"உடையாது. உடைச்சாத்தான் உடையும்."

"அப்பவே தெரிஞ்சுபோச்சு. இந்த வீட்ல எது நடந்தாலும் தப்பு என் பேர்லதான் வரும்னு" என்பாள் அம்மா. தெரிந்தும் கட்டிக்கொண்டாள். அவளிடம் யாரும் விசாரணை நடத்தவில்லை.

மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய லைனில் ஒரு என்கோடர் போனது. அவள் கையெழுத்தோடு அப்பாவின் கம்பெனிக்குப் புகார் போனது. யார் வந்து இறங்கினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காலையில் ஒரே மேஜையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர், அவள் மேலதிகாரிகளுக்கு நடுவே நின்று, "மேடம், இத மாட்டினது யாரு?" என்றார். ஷாஃப்டைச் சுற்றினார். "யார் சுத்தியல்ல அடிச்சது மேடம்?" என்றார். அவள் ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். மகளின் முதல் புகார், முதல் நிராகரிப்பு. சாயங்காலம் வீட்டில் அவள் பேசவில்லை.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு?" என்றாள் அம்மா.

"உன் வீட்டுக்காரர் என்னை மேடம்ங்கறார்."

"என்னை அப்படிக்கூடக் கூப்பிட்டதில்ல. உனக்காவது மரியாதை கிடைச்சுதே."

அப்பா மட்டும் ஒன்றுமே நடக்காதது போல, "சொந்தப் பொண்ணுன்னு விட்டுட்டா நாளைக்கு எவன் என் ரிப்போர்ட்ட நம்புவான்?" என்றார். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் எரிச்சல்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு மரச் சுத்தியலை ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. அவர் நாற்காலிக்கு வந்தவர் அவரிடமே வேலை பழகியவர். ஊர் அவருக்குச் சின்னச் சுத்தியல் என்று பெயர் வைத்திருந்தது. பரிசை அப்பா அந்த மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர்தான் மெஷின் ரூமில் டொக் டொக் என்று தட்டினார்.

லிஃப்ட் அன்று மூன்றாவது மாடியில் தளத்தோடு தளமாக வந்து நின்றது. அம்மா வாக்கரை உருட்டிக்கொண்டு உள்ளே போனாள். கீழே இறங்கி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கேதான். ஒரு மாதம் யாரைப் பற்றியும் பேசாமல் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அந்த பெஞ்சில் பேசித் தீர்த்தாள். முகத்தில் நிறம் வந்தது.

கப்ளிங் விஷயத்தை மகள் தன் வீட்டிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மாத்தியாச்சாப்பா?"

"நாளைக்கு."

"ஆபீஸுக்கு பஸ்ல போனா அரை மணி நேரம்."

"தெரியும். நாளைக்குப் போறேன்."

அவர் ஏன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். கப்ளிங் ஏன் வேண்டும் என்று சின்னச் சுத்தியல் கேட்பார். கேட்கப் பழக்கியதே இவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மடியில் பேப்பர். அம்மா, தூங்குகிறார் என்று நினைத்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். அவ்வளவுதான். டாக்டர் ஒரு காரணம் எழுதிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் காரணம் எழுதிய மனிதருக்கு ஒரே வரியில். மகள் அதை மடித்து வைத்துக்கொண்டாள். அப்பாவைக் கீழே எடுத்துப் போகும்போது லிஃப்ட் தளத்துக்குச் சரியாக நின்றது. துளி இடைவெளி இல்லை. அவள் அதைக் கவனித்தாள். வேறு எதைக் கவனித்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகள் அம்மாவோடு வந்து தங்கினாள். அம்மா சில நாள் வெளியே போகவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் தானாகவே செருப்பைத் தேடினாள். "உள்ளேயே இருந்தா அந்த நாற்காலியத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள். பெஞ்சுக்குப் போய்வந்தாள். அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரமே லிஃப்ட் மறுபடியும் ஒரு சாண் கீழே நின்றது.

லிஃப்ட் மெக்கானிக் வந்து பார்த்தார். "என்கோடர்தான் மேடம். புதுசாச்சே, வாரண்டி இருக்கும். மாட்டினதும் சார். அவர் மாட்டினா அதுல ஒரு தப்பும் இருக்காது."

"ஆமா" என்றாள் மகள்.

கதவருகே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா அந்த ஒரு சாணை எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டில் நடக்காத காரியம். மகள் அன்றே என்கோடரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அப்பாவின் ஆபீஸுக்குப் போனாள்.

சின்னச் சுத்தியல் எழுந்து நின்றார். மேஜையில் அந்த மரச் சுத்தியல், ரிப்பனோடு, காகிதங்கள் பறக்காமல் இருக்க உபயோகப்பட்டுக்கொண்டிருந்தது.

"சார் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தார்.

"இருந்திருந்தா உங்கள முதல்ல கை கழுவச் சொல்லியிருப்பார்."

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். என்கோடரை வாங்கினார். கண்ணை மூடினார். இரண்டு விரலால் சுற்றினார். அதே விரல்கள், அதே தலைச் சாய்ப்பு. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். தட்டில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு விரிசல்.

"மேடம், யாரு…" என்றவர் நிறுத்திக்கொண்டார். "இத யார் மாட்டினது?"

"அப்பா."

லென்ஸைக் கீழே வைத்தார்.

"அப்ப இது அடி இல்ல மேடம்."

"ஏன்?"

"சார் போய் அடிப்பாரா?"

"அப்ப தானா உடைஞ்சுதா?"

"தானா எப்படி உடையும்? உடைச்சாத்தான்…"

அதற்கு மேல் அவருக்குப் போக வழி இல்லை. பாவம், இரண்டு பக்கமும் அவருடைய குருவே நின்று மறித்துக்கொண்டிருந்தார். தானாக உடைந்தது என்று எழுதினால், சார் காலமெல்லாம் எழுதிய வரி பொய். அடித்து உடைந்தது என்று எழுதினால், அடித்தவர் சார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தயாரிப்புக் குறைன்னு எழுதிடறேன். யாரும் கேக்கப் போறதில்ல. அலமாரியில ஒண்ணு இருக்கு. இப்பவே எடுத்துட்டுப் போங்க. சாயங்காலமே அம்மா கீழ இறங்கலாம்."

"கஸ்டமர் தப்புன்னு எழுதினா?"

"அது வாரண்டிக்குன்னு ஒதுக்கி வெச்ச பீஸ். வெளிய கொடுக்க முடியாது. புதுசா ஆர்டர் போட்டு, கப்பல்ல வந்து… ஆறேழு வாரம் ஆகும் மேடம். அம்மாவ நெனச்சுப் பாருங்க."

மகள் நினைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பெஞ்சு. இன்னொரு பக்கம் அப்பாவின் வரி. டார்ச் பிடிக்கிறவள் தீர்ப்பும் சொல்ல வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நடக்கப்போவது அம்மாவின் கால்கள். அம்மாவுக்கே போன் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, வழக்கம்போல நேராக ஆரம்பித்தாள்.

"அம்மா, கண்ணாடி உடைஞ்சிருக்கு. அன்னிக்கு அப்பா…"

"தட்டினார். தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன கட் பண்ணாமலேயே பையில போட்டுக்கிட்டார் மகராசன். டொக்கு டொக்குன்னு எனக்கு இங்க கேட்டுச்சு. தட்டல் வேற அடி வேறன்னு உனக்கு விளக்கம் சொன்னதும் கேட்டுச்சு."

"இத்தன நாள் வாயே தொறக்கலையே நீ."

"நான் அவசரப்படுத்தித்தானே தட்டினார். என்னை வெளிய கூட்டிட்டுப் போகத்தானே. அத எப்படிடி குத்திக் காட்றது? குத்திக் காட்ட வேற எவ்வளவோ இருந்துச்சு."

மகள் ஆறேழு வாரக் கணக்கைச் சொன்னாள். தயாரிப்புக் குறை என்று எழுதினால் இன்றைக்கே கிடைக்கும் என்பதையும் சொன்னாள்.

"அப்படி எழுதினா அவர் ரிப்போர்ட் எல்லாம் பொய்னு ஆயிடுமா?"

"யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எதிர்ல உக்காந்திருக்கற புள்ளைக்குத் தெரியும். இன்னும் எத்தன பேருக்குத் தெரியணும்? உள்ளத எழுதச் சொல்லு. ஊர்ல அத்தன பேரையும் இப்படித்தானே காக்க வெச்சார். அவர் பொண்டாட்டியும் காத்திருக்கட்டும். அவர் கூட குடும்பம் நடத்தினவளுக்கு ஆறேழு வாரம் ஒரு கணக்கா?"

போனை வைத்துவிட்டாள். மகள் நிமிர்ந்தாள்.

"எழுதுங்க. கப்ளிங் துளை சின்னது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டி ஏத்தியிருக்கு. என்கோடரில் குறை இல்லை."

சின்னச் சுத்தியல் எழுதினார். பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. எழுதி முடித்து, "துளை சின்னதா?" என்று அவளைப் பார்த்தார். "எந்த சைஸ் மேடம் வேணும்?"

சொன்னாள்.

அவர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, மரச் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சார் போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி போன் பண்ணினார். இந்த சைஸ்ல ஒரு கப்ளிங் எடுத்து வைன்னார். எந்தக் கஸ்டமருக்கு சார்னு கேட்டேன். 'இருக்கான் ஒரு அறிவுகெட்டவன். துளை சின்னதுன்னு தெரிஞ்சும் தட்டி ஏத்தியிருக்கான்'ன்னார். ரிப்போர்ட் எழுதவா சார்ன்னேன். 'வேணாம், அவன்கிட்ட நானே பேசிக்கறேன்'ன்னார்."

மகள் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். எடையே இல்லை.

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னார் மேடம். அவரே வர்றேன்னதால நான் கொடுத்தனுப்பல."